நெல்லுக்குள் படுத்த டபுள் பேஸ்

“இது மரம்க்கா. தண்ணி பட்டா போச்சு.”

“ஆமாண்டா, இது மட்டும் இரும்பு” என்றாள் அக்கா, காலடியில் கிடந்த நெல்லைக் காட்டி.

நன்னிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே நெல் கொள்முதல் நிலையத்துக்கு எதிரே ஒரு திடல். மாசி பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. மழைக்கு அது காலமே இல்லை. ஆனால் நாகப்பட்டினம் பக்கத்து வானம் சோற்றுப் பானையின் அடியைப் போலக் கறுத்து எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. திடல் முழுக்க நெல் குவியல்கள். தங்கள் முறைக்காகக் காத்துக் கிடந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு தார்ப்பாய் நுனியைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள்.

அக்காவின் தார்ப்பாய் பழையது. எலி கடித்த ஓட்டைகள் அதில் ஏராளம். அதற்குள் உட்கார்ந்தபடியே மின்னல் எந்தப் பக்கம் வெட்டுகிறது என்று பார்க்கலாம்.

பக்கத்தில் குட்டி யானை என்கிற சின்ன சரக்கு வண்டி நின்றது. அதன் முதுகில் என் டபுள் பேஸ். அதன் மேல், அன்று காலை கும்பகோணத்தில் வாங்கிய புத்தம் புதிய நீலத் தார்ப்பாய்.

அந்தத் திடலில் உபரியாக ஒரு நல்ல தார்ப்பாய் வைத்திருந்தவன், ஒரு குழி நிலம்கூட இல்லாத நான்தான்.

வாசகர் கேட்ட கேள்வி

மழை வந்து சேரட்டும். அதற்குள் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். போன வாரம் கப்பலில் வாசித்த கதையை எழுதியிருந்தேன். மன்னார்குடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: “எல்லாம் சரி ஐயா, டபுள் பேஸ் என்றால் என்ன என்று கடைசிவரை சொல்லவே இல்லையே?”

உண்மைதான். இத்தனை வாரமாக எழுதுகிறேன், அதைச் சொல்லவில்லை. வாத்தியக்காரர்கள் என்றாலே இப்படித்தான். நாம் வாசிப்பதை உலகமே கேட்டுக்கொண்டிருக்கிறது என்று நினைப்பு.

ஒரு வயலினை எடுத்து, மூன்று வேளையும் நல்ல சாப்பாடு போட்டு, ஆள் உயரத்துக்கு மேல் வளரவிட்டு, நிமிர்த்தி நிற்க வைத்தால் அது டபுள் பேஸ். நான் அதைவிட ஒரு சாண் குட்டை. மேடையில் என்னை முதல் தடவை பார்ப்பவர்கள், வாத்தியத்துக்குப் பின்னால் யாரோ கடன்காரனுக்குப் பயந்து ஒளிந்திருப்பதாக நினைப்பார்கள்.

ஜாஸில் இதை வில்லால் இழைப்பது குறைவு. தடித்த கம்பிகளை விரலால் சுண்டி விடவேண்டும். டும், டும், டும், டும். பியானோவும் சாக்ஸபோனும் ஊர் சுற்றிவிட்டு வரும்வரை வீட்டிலேயே இருந்து விளக்கெரிய விடுவதுதான் பேஸின் வேலை. பதினைந்து வயதிலிருந்து எந்த வீட்டிலும் ஒழுங்காகத் தங்காத ஒருவனுக்கு இந்த வேலை கிடைத்ததை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

தூக்கத் தெரிந்தவன்

நான் ஜாஸைத் தேடிப் போகவில்லை. சாப்பாட்டைத் தேடிப் போனேன்.

ஒன்பதாவதில் இரண்டாவது முறை தேறாதபோது சென்னைக்கு பஸ் ஏறினேன். ஒரு ஹோட்டலில் மேசை துடைத்தேன். அங்கே மாலை நேரத்தில் ஒரு குழு வாசிக்கும். அவர்களுடைய பெட்டிகளை ஏற்றி இறக்கினால் மிச்சமிருக்கும் பிரியாணி கிடைக்கும் என்று தெரிந்ததும் மேசையை விட்டுவிட்டுப் பெட்டிக்கு மாறினேன். அந்தப் பெட்டிகளிலேயே பெரியது பேஸ். அதை மாடிப்படியில் எங்கும் இடிக்காமல் ஏற்றுவது ஒரு வித்தை. கழுத்துப் பக்கம் ஒரு கை, இடுப்புப் பக்கம் ஒரு கை, படிக்கட்டுத் திருப்பத்தில் அதோடு சேர்ந்து நாமும் திரும்பவேண்டும். அந்த வித்தை எனக்கு வந்துவிட்டது.

பேஸ் வாசித்தவருக்கு ஆஸ்திரேலியாவில் மகள் இருந்தாள். ஒரு நாள் கிளம்பிவிட்டார். விமானத்தில் வாத்தியத்தைக் கொண்டுபோவது கட்டுப்படியாகாது என்று அதை ஹோட்டலிலேயே விட்டுவிட்டார். அன்று சாயங்காலம் குழுவின் தலைவர் சுற்றும் முற்றும் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“தூக்கத் தெரியும்ல?”

“தெரியும் சார்.”

“அப்ப பிடிச்சிக்கிட்டு நில்லு. கையை மட்டும் அசை.”

வாசிக்கத் தெரியுமா என்று அவர் கேட்கவேயில்லை. ஒரு வருஷமாக முன்னவரின் விரல் எங்கே போகிறது என்று பார்த்திருந்ததால் அசைத்தேன். பிறகு, சத்தமில்லாமல் சும்மா அசைப்பது போரடித்ததால் சுண்டினேன். நான் வாசித்ததெல்லாம் தப்பு என்பது பல மாதங்களுக்கு யாருக்கும் தெரியவில்லை. சாப்பிடுகிறவர்கள் சாப்பிட்டார்கள். இந்த வாத்தியத்தில் உள்ள பெரிய வசதி அது. தெரிந்தவர்கள் வந்து தலையில் கைவைத்துக்கொண்ட பிறகுதான் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். அதற்குள் எனக்கு ‘பேஸிஸ்ட்’ என்று பெயர் வந்துவிட்டது. பெயர் முதலில், தொழில் அப்புறம்.

பிறகு பெங்களூர், கோவா, கப்பல், மறுபடியும் பெங்களூர், கடைசியில் சென்னை. மேடைத் திரைக்குப் பின்னால் தூங்கியிருக்கிறேன். ஒரு மழைக்காலம் முழுக்க ஒரு கல்யாண மண்டபத்தின் சமையலறையில் படுத்தேன். பேஸைக் குறுக்கே சாய்த்தால் ஒரு அறை மாதிரி ஆகிவிடும். சோகமாகச் சொல்லவில்லை. சமையலறை கதகதப்பாக இருந்தது.

இதுல எது நீ?

கப்பலில் நாங்கள் வாசித்ததை ஒரு முறை பதிவு செய்தார்கள். சி.டி.யாகக் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தேன். அக்கா வசந்தா, அத்தான் தனபால், அவர்கள் மகள் கவிதா மூவரும் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். ஏதோ சடங்குபோல அக்கா புடவை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

பாட்டு ஓடியது. சாக்ஸபோன் வந்தது.

“இதுதான் நீயா?”

“இல்லக்கா, அது வேற ஆளு.”

பியானோ வந்தது.

“இதுவா?”

“இல்ல. அடியில டும் டும்னு போகுது பாரு.”

“மோளமா?”

“மோளத்துக்கும் கீழ.”

அக்கா எழுந்து போய் ஸ்பீக்கரில் காதை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நிமிர்ந்து, “ஒண்ணும் கேக்கலடா. கரண்டு கம்மியா இருக்கும்போல” என்றாள்.

விட்டுவிடக் கூடாது என்று, அடுத்த முறை பேஸையே கொண்டுவந்து கூடத்தில் நிறுத்தி வாசித்துக் காட்டினேன். நல்ல நடை. எனக்குத் தெரிந்த அத்தனை சாமர்த்தியத்தையும் இறக்கினேன். அத்தான் மிகவும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து மெதுவாகக் கேட்டார்:

“பாட்டு எப்ப மாப்ள ஆரம்பிக்கும்?”

அதற்குப் பிறகு ஊரில் நான் வாசிக்கவில்லை. கேட்டால் ஈரக்காற்று கம்பிக்கு ஆகாது என்பேன்.

எத்தன மூட்டைங்க?

அப்படி இருந்தும் அந்த மாசியில் பேஸோடு ஏன் வந்தேன்? சென்னையில் நான் இருந்த அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். நான் எங்கே வேண்டுமானாலும் படுப்பேன், பேஸ் படுக்காது. அடுத்த சனிக்கிழமை சென்னையிலேயே ஒரு கச்சேரி இருந்தது. ரீனா என்ற பியானோக்காரி நடத்தும் மூன்று பேர் குழு. அதுவரை எல்லாப் போஸ்டரிலும் நான் ‘மற்றும் குழுவினர்’. இந்தப் போஸ்டரில் என் பெயரை அச்சடித்திருந்தார்கள். இனிஷியலோடு. அந்தப் போஸ்டரைப் பார்ப்பதற்காகவே அந்தத் தெருவில் தேவையில்லாமல் டீ குடித்திருக்கிறேன். சனிக்கிழமை வரையிலான நாட்களை அக்கா வீட்டில் தள்ளலாம் என்று கும்பகோணத்துக்கு ரயில் ஏறினேன்.

இறங்கும்போது பேஸின் உறையில் ஜிப் பிய்ந்துவிட்டது. வானமும் மப்பும் மந்தாரமுமாக இருந்தது. ஒரு குட்டி யானையைப் பேசி, வழியில் தார்ப்பாய் கடையில் நிறுத்தச் சொன்னேன்.

“எத்தன மூட்டைங்க?” என்றார் கடைக்காரர்.

“மூட்டை இல்லீங்க. ஒரே ஒரு உருப்படி.”

“உருப்படின்னா? மாடா?”

“வாத்தியம்.”

எட்டி வண்டியைப் பார்த்தார். “சின்னதெல்லாம் நேத்தே போயிடுச்சுங்க. மழைன்னு செய்தியில சொல்லிட்டான்ல, வெவசாயிங்க வந்து அள்ளிட்டாங்க. இந்தப் பெருசுதான் கடைசி.”

அவர் எடுத்துப் போட்டது, பந்தல் போடுகிற அளவுக்கு இருந்தது. விரித்தால் எங்கள் கப்பல் குழுவையும் கப்பலின் சமையல்காரரையும் சேர்த்து மூடலாம். வேறு வழியில்லாமல் வாங்கிச் சுற்றினேன். ஒன்று, இரண்டு, மூன்று மடிப்பு. அதன் மேல் கயிறு.

வண்டி ஓட்டியவர் கிளம்பும் முன் கேட்டார்: “உள்ள யாருங்க?”

“யாரும் இல்லீங்க. வாத்தியம்னு சொன்னேன்ல.”

“எனக்குத் தெரியும். வழியில கேப்பாங்க, அதுக்குத்தான்.”

அவர் சொன்னது சரி. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூர், குவைத் என்று போயிருக்கிறார்கள். சில பேர் இப்படித்தான், விமான நிலையத்திலிருந்து நீளமான பொட்டலமாக வண்டியில் திரும்பி வந்திருக்கிறார்கள். நீலத் தார்ப்பாயில் கட்டிய நீளமான உருவம் ஒன்று வண்டியில் போவதைப் பார்த்ததும் டீக்கடையில் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்தார்கள். சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கித் தோள்துண்டை எடுத்தார். நான் முன்சீட்டில் உட்கார்ந்து எல்லாருக்கும் தலையாட்டிக்கொண்டே போனேன். வேறென்ன செய்வது? ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஜாஸ் என்று விளக்கவா முடியும்?

இவ்வளவு காலம் வாசித்ததில் எனக்காக ஒரு கூட்டம் எழுந்து நின்றது அன்றைக்குத்தான்.

திடல்

அக்கா வீடு பூட்டியிருந்தது. எல்லாரும் திடலில் இருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். வண்டியை அங்கேயே விடச் சொன்னேன். இறங்குவதற்கும் கிழக்கே இடி முழங்குவதற்கும் சரியாக இருந்தது.

அந்த நெல் என்ன நெல் என்று சொல்லிவிடவேண்டும். எங்கள் தாத்தாவும் அப்பாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். நாற்றுப் பறித்தது, நட்டது, அறுத்தது எல்லாம் இன்னொருவர் நெல்லை. அக்காவும் அத்தானும்தான் முதன்முதலில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, எங்கள் பேரில் ஒரு பயிர் வைத்தார்கள். அந்த வருஷம் சம்பா ஒரே சீராக விளைந்திருந்தது. மெஷின் வைத்து அறுத்து, ரோட்டில் காயவைத்து, தூற்றி, திடலில் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். இன்னும் இரண்டொரு நாளில் அவர்கள் முறை. அதற்குள் நனைந்தால் தீர்ந்தது. ஈரம் நின்ற நெல் இரண்டு நாளில் முளைவிடும். முளைத்த நெல்லை எந்தத் தராசும் ஏற்காது. குத்தகையும் போய், அடுத்த சாகுபடியும் போய், மறுபடி கூலிக்கு இறங்கவேண்டியதுதான்.

அத்தான் என்னைப் பார்த்து “வாங்க மாப்ள” என்றார். பார்வை என் மேல் இல்லை. நீலத் தார்ப்பாய் மேல் இருந்தது.

“இதுக்கு ஏன் இவ்ளோ பெரிய படுதா?” என்றாள் அக்கா.

அப்போதுதான் மரம், இரும்பு என்ற அந்த வாக்குவாதம்.

எனக்கு வேறு வழிகள் தோன்றின. நிலையத்துக் கொட்டகையில் வைக்கலாம். கொட்டகையில் வாசல்வரை மூட்டை அடுக்கியிருந்தது; மிச்ச இடத்தில் ஆட்கள். வீட்டுக்குக் கொண்டுபோகலாம். வீட்டுக்குப் போகும் மண்பாதையில் மழை எங்களுக்கு முன்னால் போய்விடும். பேஸைக் குவியல் மேல் வைத்து இரண்டையும் சேர்த்து மூடலாம்.

“மேல வச்சா நடுவுல தூக்கிக்கும். ஓரம் தரைக்கு எட்டாது. அடியில தண்ணி ஏறிடும்” என்றார் அத்தான். பிறகு ஒரு கூடையை எடுத்து, குவியலின் நடுவில் நெல்லை வாரத் தொடங்கினார். குழி.

“உள்ள படுக்க வையி” என்றாள் அக்கா.

“நெல்லுக்குள்ளயா?”

“நெல்லுக்குள்ள எதுவும் கெடாதுடா. மாங்கா வச்சா பழுத்து வரும்.”

“இது பழுத்துட்டா என்னக்கா பண்றது?”

“அப்பவாவது சத்தம் வருதான்னு பாப்போம்.”

விளையாட்டில்லை. டபுள் பேஸின் வயிற்றின் மேல், கம்பிகளைத் தாங்கிக்கொண்டு மெல்லிய மரத்துண்டு ஒன்று நிற்கும். வயலின்காரர்கள் அதைக் குதிரை என்பார்கள். அது நின்றபடியே பேஸை நெல்லில் புதைத்தால் பாரம் தாங்காமல் வயிறு பிளந்துவிடும். குதிரையை இறக்கவேண்டுமானால் எல்லாக் கம்பிகளையும் தளர்த்தவேண்டும். தளர்த்தினால் வயிற்றுக்குள்ளே முட்டுக்கொடுத்து நிற்கும் ஒரு குச்சி விழுந்துவிடும். அதை ஓட்டை வழியாகக் கம்பி விட்டு மறுபடி நிறுத்தத் தெரிந்தவராக எனக்குத் தெரிந்தவர் ஒரே ஒருவர், பெரம்பூரில் இருந்தார். அவர் ஊரில் இல்லையென்றால் சனிக்கிழமை இல்லை. போஸ்டரில் பெயர் இருக்கும். மேடையில் ஆள் இருக்காது.

நான் இதையெல்லாம் எண்ணிப் பார்த்து, நெல்லுக்காக என் கலையைத் தியாகம் செய்தேன் என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. நான் எண்ணிக்கொண்டிருந்தபோதே அத்தான் கயிற்றை அறுத்துத் தார்ப்பாயை உருவிவிட்டார். நான் சம்மதித்தது அதற்குப் பிறகு.

கம்பிகளைத் தளர்த்தினேன். குதிரை சாய்ந்தது. உள்ளே குச்சி ‘டொக்’ என்று விழுந்தது. பிய்ந்த உறையோடு பேஸைக் குழியில் இறக்கி, கூடை கூடையாக நெல்லைத் தள்ளி மூடினோம். ஜிப் பிய்ந்த இடத்தில் நெல் சரசரவென்று உள்ளே ஓடியது. பக்கத்துக் குவியல்காரர் தன் அவசரத்திலும் நின்று பார்த்து, “தனபாலு, யாரைப்பா பொதைக்கிற?” என்றார்.

“என் மச்சினனோட பொழப்ப” என்றார் அத்தான்.

படுத்துக் கிடந்த நேரம்

மழை சாய்வாக வந்து அடித்தது. அத்தான் மண்வெட்டியோடு குவியலைச் சுற்றிக் கால் வெட்டினார், தண்ணீர் விலகி ஓட. காற்று தார்ப்பாயைத் தூக்கப் பார்த்தது. ஓரங்களில் செங்கல் வைத்தோம், மூட்டை வைத்தோம், செருப்பைக்கூட வைத்தோம். கிழக்கு ஓரம் மட்டும் படபடவென்று எழுந்துகொண்டே இருந்தது. நான் கயிற்றைச் சுற்றிப் பிடித்தேன். பேஸ் கம்பியில் காய்த்துப்போன விரல்கள். கயிறு இழுத்தும் தோல் பிய்யவில்லை. பிறந்த ஊருக்கு என் ஜாஸ் செய்த முதல் உபகாரம்.

“மேல ஏறிப் படுறா!” என்று கத்தினாள் அக்கா.

ஏறிக் கைகால் விரித்துக் குப்புறப் படுத்தேன். அக்கா இன்னொரு பக்கம் வந்து படுத்துக்கொண்டாள். எங்களுக்கு அடியில் நெல். நெல்லுக்கு அடியில் பேஸ். தலையில் மழை கொட்டியது. உடம்பின் சூட்டில் தார்ப்பாய்க்குள்ளிருந்து காய்ந்த நெல்லின் வாசம் ஏறிவந்தது. இருவர் முகமும் எதிரெதிரே. வேறு வேலை இல்லாததால் பேசினோம்.

“சனிக்கிழம என்னடா?”

“கச்சேரி. போஸ்டர்ல பேர் போட்ருக்காங்க.”

“யார் பேரு?”

“என் பேருதான்.”

“சேகர்னா?”

“சந்திரசேகரன். முழுசா.”

அக்கா முகத்தில் வழிந்த தண்ணீரைத் தோளில் துடைத்தாள். “இனிஷியல்?”

“அதுவும் இருக்கு.”

“அப்பா பேர்ல உள்ள எழுத்து.”

“ஆமா.”

அக்கா எட்டி, எழும்பிய ஓரத்தை முழங்கையால் அமுக்கினாள். பிறகு, “அப்ப நீ போயித்தான் ஆகணும்” என்றாள். “என்ன இப்புடி லேசாப் படுத்திருக்க? ஓரத்துல அமுத்துடா, தூக்குது பாரு.”

கடக்

இருட்டும் முன் மழை விட்டது. காலையில் சுள்ளென்று வெயில். திடலில் அவரவர் தார்ப்பாயை அவரவர் தூக்கிப் பார்த்தார்கள்.

அக்கா முழங்கைவரை கையைக் குவியலுக்குள் விட்டாள். ஒரு பிடி எடுத்தாள். ஒரு மணியை முன்பல்லில் வைத்துக் கடித்தாள்.

கடக்.

நனைந்த நெல் அப்படிச் சத்தம் போடாது, நசுங்கும். அக்கா இன்னொரு இடத்தில் கைவிட்டாள். கடக். மேற்கு ஓரத்தில் கொஞ்சம் ஈரம் ஏறியிருந்தது. அதைத் தனியே ஒதுக்கி ரோட்டில் பரப்பினார்கள். மற்றதெல்லாம் கடக். அத்தான் அங்கேயே உட்கார்ந்து, கவிதா கொண்டுவந்திருந்த தூக்குவாளியைத் திறந்து சாப்பிடத் தொடங்கினார். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பேஸைக் கிழங்கு தோண்டுவது போலத் தோண்டி எடுத்தோம். ஒரு சொட்டு ஈரம் இல்லை. என் அறையில்கூட அது இவ்வளவு காய்ந்து இருந்ததில்லை. நிலையத்தில் எடை போடுகிற ஆள் வேடிக்கை பார்க்க வந்து, “இதையும் போடணுமாம்மா?” என்றார்.

“வேணாங்க. அதுல பதர் ஜாஸ்தி” என்றாள் அக்கா.

உள்ள என்ன?

சென்னை திரும்பியபோது பெரம்பூர்க்காரர் ஊரில் இருந்தார். குச்சியை நிறுத்துவதற்கு முன் பேஸைக் கவிழ்த்து உலுக்கினார். எஃப் எழுத்து மாதிரி இருக்கும் இரண்டு ஓட்டைகள் வழியாக நெல் கொட்டியது. மறுபடி உலுக்கினார். மறுபடி கொட்டியது. அவர் மனைவி முறம் எடுத்துவந்தார். உள்ளே சட்டங்களின் இடுக்கில் கொஞ்சம் சிக்கியிருக்கிறது, எல்லாம் வராது, மேல் பலகையைத் திறந்தால்தான் வரும் என்றார். அதற்கு நேரம் இல்லை.

ஒத்திகையில் அடிக்கம்பியைச் சுண்டினேன். ‘டும்’ என்றது. கூடவே ‘ஜிர்ர்’ என்றது.

ரீனா வாசிப்பதை நிறுத்தினாள். “சேகர், உள்ள என்ன?”

“நெல்லு.”

“நெல்லா?”

“பி.பி.டி. சன்ன ரகம்.”

ட்ரம்ஸ்காரர் சிரித்துச் சிரித்துக் குச்சியைக் கீழே போட்டார். ரீனா சிரிக்கவில்லை. அந்தக் கம்பியைக் கூடியவரை தொடாதே என்றாள். பேஸில் அடிக்கம்பியைத் தொடாமல் வாசிப்பது, தரையைத் தொடாமல் நடப்பது மாதிரி. சனிக்கிழமை நான் நடந்தேன். அது ஜிர்ர் என்றது. பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. கைதட்டினார்கள். முடிந்ததும் தாடிவைத்த ஓர் இளைஞர் வந்து, அந்த ஜிர்ர் சத்தம் வரக் காலால் மிதிக்கிற எந்தப் பெடல் கருவியைப் போடுகிறீர்கள் என்று கேட்டார். பி.பி.டி. என்றேன். குறித்துக்கொண்டார். இன்னும் இணையத்தில் தேடிக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

ட்ரம்ஸ்காரரின் நண்பர் ஒரு பாட்டைக் கைபேசியில் எடுத்திருந்தார். அதைக் கவிதாவுக்கு அனுப்பி வைத்தேன். போஸ்டரின் படத்தையும் அனுப்பினேன். பதில் வரும் என்று நினைக்கவில்லை. சி.டி. அனுபவம் இருந்ததே.

மறுநாள் அக்கா கூப்பிட்டாள்.

“நெல்லு போட்டாச்சுடா. ஒரு மூட்டகூட கழிக்கல.”

“அப்பாடா.”

“பாட்டு கேட்டேன்.”

நான் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“மொதல்ல அந்தப் பொண்ணு வாசிச்சுது. அப்பறம் மோளம். அப்பறம் ஜிர்ருன்னுச்சு. ‘இந்தா, இவன்தான்’னு உங்க அத்தான்கிட்ட சொன்னேன். அப்பறம் ஜிர்ரு எங்க எங்க போவுதுன்னு கடைசி வரைக்கும் கேட்டேன். நீ நடுவுல நிக்கவே இல்லியேடா? எல்லாரும் மூச்சு வாங்கறாங்க, நீ பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்க.”

“ஆமாக்கா. அதான் வேலை.”

“சொல்லவே இல்லியே.”

எதிர்முனையில் அத்தான் ஏதோ கேட்பது கேட்டது. அக்கா, “நம்ம நெல்லுதாங்க அது, வேற என்ன” என்று அவருக்குச் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினாள். குரல் மாறிவிட்டது, குடும்பம் நடத்துகிற குரல்.

“இன்னும் உள்ளதான இருக்கு?”

“கொஞ்சம் இருக்கு. பலகையத் திறந்துதான் எடுக்கணுமாம்.”

“எடுக்காத. ஆனா நாளாச்சுன்னா அந்துப்பூச்சி விழுந்து நெல்லப் பொடியாக்கிடும். அங்க நொச்சி எல கெடைக்காது, வேப்பெலயாவது நாலு கொத்து உள்ள போடு.”

போட்டிருக்கிறேன். பலகையைத் திறந்து சுத்தம் செய்துவிட்டாயா என்று ரீனா கேட்கும்போதெல்லாம் பெரம்பூர்க்காரருக்கு நேரமில்லை என்கிறேன். வேப்பிலை இப்போது காய்ந்துவிட்டது. அதுவும் சேர்ந்து சத்தம் போடுகிறது.